நண்டுக்காரர் காட்டிய சைகை

எங்கள் யார்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. பேசினால் கேட்காது, அவ்வளவுதான். மரத்தைச் சில்லாக்கும் இயந்திரம் ஒன்று நடு முற்றத்தில் நின்று, தேநீர் இடைவேளை தவிர, காலையிலிருந்து மாலைவரை கத்திக்கொண்டிருக்கிறது. முழு மரத்தை அதன் வாயில் கொடுத்தால் உருளைகள் பிடித்து உள்ளே இழுக்கும். உள்ளே சுற்றும் டிரம்மில் இருக்கிற பிளேடுகள் சீவித் தள்ளும். சல்லடையில் விழுந்த சில்லை, மேலே வளைந்து நிற்கும் ஒரு நீளக் குழாய் லாரிக்குள் பீய்ச்சும். அந்தக் குழாய்க்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறோம். நிலக்கரிக்குப் பதிலாக இந்தச் சில்லை எரிக்கும் பாய்லர் ஆலை ஒன்றுதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை.

இந்தச் சத்தத்தில் வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கையால் பேசிக்கொள்வோம். ஒரு விரலைக் காட்டினால் ஒரு மரம் வருகிறது என்று அர்த்தம். முஷ்டி என்றால் நிறுத்து. மூக்கைப் பிடித்தால் மரம் ஈரம். தலையில் குட்டிக்கொண்டால் மரத்துக்குள் ஆணி இருக்கிறது, பிளேடு போய்விடும், வேண்டாம். இரண்டு விரலை ஒட்டி நீட்டி முன்னால் தள்ளினால், ரெண்டையும் சேர்த்து விடு என்று பொருள். அது மெலிந்த கொம்புகளுக்கு மட்டும். யாரும் உட்கார்ந்து எழுதிய பாஷை இல்லை இது. காது போகப் போகக் கை தானாகக் கற்றுக்கொண்டது.

கெட்ட பழக்கம் யார்டோடு நிற்குமா? வீட்டுக்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது போதும் என்று சொல்வதில்லை, முஷ்டியைக் காட்டுவார். ஒருநாள் எரிச்சலில் எனக்குப் புரியாததுபோல் தட்டு வழியும்வரை பரிமாறினேன். மனிதர் முஷ்டியைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. இந்த இயந்திரத்தை வாங்கியவர் அவர். அவர் காதில் பாதியை அது வாங்கிக்கொண்டது. அவர் ரகசியம் என்று நினைத்து முணுமுணுப்பது தெருமுனைவரை கேட்கும்.

இயந்திரத்தின் மேடையில் நின்று அதை ஓட்டுகிறவள் என் நாத்தனார், அவருடைய தங்கை. உருளையை எப்போது வேகமாக விடுவது, எப்போது பின்னால் இழுப்பது எல்லாம் அவள் கையில். பிளேடு மழுங்க ஆரம்பித்தால் காது மூடியைப் போட்டுக்கொண்டே கண்டுபிடிப்பாள். எப்படி என்று கேட்டால் கால் வழியாக வருகிறது என்பாள். வாய் ஓயாதவள். ஊரில் எத்தனையோ வேலை இருக்க, பேசினால் யாருக்கும் கேட்காத ஒரு வேலையைப் பார்த்து அதில் போய் நின்றாளே என்று நான் ஆச்சரியப்படாத நாளில்லை. யாருக்கும் கேட்காவிட்டால் என்ன, அவள் பாட்டுக்கு இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருப்பாள். உதடு அசைவது எனக்குத் தெரியும்.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் கதவைச் சாத்துகிற விதம்கூட அவளுக்குப் பிடிக்காது. அவள் சிரிக்கிற விதம் எனக்குப் பிடிக்காது. அப்புறம் யார்டுக்குள் வரும் மரத்தில் இரும்பு இருக்கிறதா என்று சோதிக்கும் டிடெக்டர் குச்சியோடு என்னையும் இறக்கிவிட்டார்கள். நான் கீழே, அவள் மேலே. ஆணி இருக்கிறது என்று நான் தலையில் குட்டிக்கொள்வேன். உனக்குத்தான் மண்டையில் ஆணி என்பதுபோல் அவள் பதிலுக்குக் குட்டிக்கொள்வாள். அப்படிச் சிரிக்கப் பழகி, கடைசியில் அவள் பக்கத்தில் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது என்கிற நிலைக்கு வந்து சேர்ந்தேன். இதை அவளிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்திருப்பாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள், அண்ணி, நான் வேறு வேலைக்குப் போகிறேன் என்றாள்.

நடந்தது இதுதான். சில்லில் நீள நீளமாகச் சிராய் வருகிறது, பாய்லருக்குப் போகும் வழி அடைத்துக்கொள்கிறது என்று அந்த ஆலையிலிருந்து புகார் வந்தது. அதைச் சமாதானம் செய்ய இவள் போனாள். போன இடத்தில் சமாதானத்தை விட்டுவிட்டு அவர்களுடைய இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். அது நம்முடையதுபோல் சீவுகிற ரகம் இல்லை, அரைக்கிற ரகம். பிளேடுக்குப் பதில் சுத்தியல்கள். இவள் கேட்ட கேள்விகளைக் கேட்டு அங்கே இருந்த மேலாளர், நீங்கள் இங்கேயே வந்துவிடுங்கள், எரிபொருள் யார்டு முழுவதையும் பார்த்துக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆலை பக்கத்திலா இருக்கிறது? காலையில் கிளம்பினால் மாலையில்தான் போய்ச் சேர முடியும்.

அன்று தேநீர் இடைவேளையில் அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

"இங்க நாம வெட்டுறோம் அண்ணி, அங்க அடிச்சு நொறுக்குறாங்க. பழைய கதவு, உடைஞ்ச பெட்டி, வேர்க்கட்டை, மண்ணு ஒட்டினது, எல்லாத்தையும் வாங்கிக்குது. ஆணி இருந்தா காந்தம் இழுத்துக்குது. அந்த சுத்தியல் சுத்தும்போது நெஞ்சுக்குள்ள தடதடங்குது."

"இங்க தடதடக்கறது பத்தலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு நான் தேநீரை ஊற்றப் போய்விட்டேன். ஊற்றிய கோபத்தில் பாதி கீழே போயிற்று.

என் வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். உங்கள் தங்கைதானே, நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். அவர் உள்ளங்கையை விரித்து வாசல் பக்கம் காட்டினார். வழி விடு என்று அர்த்தம். லாரி பின்னால் வரும்போது காட்டுகிற சைகை. கூடப் பிறந்தவளும் லாரியும் இவருக்கு ஒன்றுதான்.

சரி, இவரை நம்பிப் பயனில்லை என்று நான் நண்டுக்காரரிடம் போனேன். மரத்தைக் கொத்தாகக் கவ்வி எடுத்து இயந்திரத்தின் வாயில் வைக்கிற வண்டிக்கு நண்டு என்று பெயர். அதை ஓட்டுகிறவர் நண்டுக்காரர். நாற்பதைத் தொடப்போகிற மனிதர், ஒண்டிக்கட்டை. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் வரும், கேட்காத கேள்விக்கு அதுவும் வராது. என்னை அக்கா என்பார், என் வீட்டுக்காரரை அண்ணே என்பார். என் நாத்தனாரை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டிய சமயத்தில் அவள் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பார்.

அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், மரத்தை வைத்துத்தான். மேடையில் அவள் நிற்கிற நாளில் நண்டு எடுத்துக் கொடுப்பதெல்லாம் நேரான மரம். மண்ணைத் தட்டி, கவையைத் திருப்பி, இயந்திரம் நோகாமல் விழுங்கும்படி பதமாக வைப்பார். அவளுக்கு உடம்பு சரியில்லாமல் என் வீட்டுக்காரர் மேடையேறினால் கோணல், கவட்டை, முண்டு, முடிச்சு எல்லாம் அன்றைக்கு என்று வந்து சேரும். என் வீட்டுக்காரர் மரம் அனுப்புகிறவனைத் திட்டுவார். நான் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன். சத்தத்தில் சிரிப்பும் கேட்காது என்பது எங்கள் யார்டில் ஒரு வசதி.

அவர் நண்டுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். அவள் போகப்போகிறாள், தெரியுமா என்றேன். தலையாட்டினார். நீங்கள் போகாதே என்று சொன்னால் நிற்பாள் என்றேன். கிரீஸ் வைத்த இடத்திலேயே மறுபடி வைத்தார்.

"நான் சொல்லணுமாக்கா?"

"பின்ன யாரு, நண்டா சொல்லும்?"

அவர் வெகுநேரம் துணியில் கையைத் துடைத்தார். அப்புறம், "கேட்டுப் பாக்குறேன்" என்றார். எனக்குக் காரியம் முடிந்த மாதிரி இருந்தது. அவளுக்கும் ஒரு துணை ஆகும், எனக்கும் அவள் இங்கேயே இருப்பாள். இதைவிட நல்ல ஏற்பாடு யாரால் செய்ய முடியும் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மனிதர் கேட்டாரா? மறுநாள் தேநீர் நேரத்தில் அவள் எதிரில் போய் நின்றார். நான் வேண்டுமென்றே எழுந்து விறகுக் குவியலுக்குப் பின்னால் போனேன். காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தேன். வெகு நேரம் கழித்து அவர் வாயைத் திறந்து, பிளேடு மாற்ற வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், நேற்றுத்தான் மாற்றினோம், நீங்கள்தானே ஸ்பேனர் பிடித்தீர்கள் என்றாள் அவள். அதற்கடுத்த நாள் மழை வருமா என்று கேட்டார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. குவியலுக்குப் பின்னால் நின்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதைப் பார்த்த என் வீட்டுக்காரர் அந்தக் குவியலில் ஆணி இருக்கிறது என்று நினைத்து முழுவதையும் தனியே ஒதுக்கச் சொல்லிவிட்டார்.

இப்படியே நாள் போய், அவள் மேடையில் நிற்கப்போகிற கடைசி நாளும் வந்துவிட்டது. நான் குச்சியோடு கீழே நின்றேன். கண் மரத்தில் இல்லை. ஒரு மரம் ஏற்கெனவே இயந்திரத்தின் வாய்க்கு முன்னால் படுத்திருந்தது. நண்டு இன்னொன்றைக் கவ்விக்கொண்டு அந்தரத்தில் நின்றது. இரண்டும் என் இடுப்பு மொத்தம், என் இடுப்பு எவ்வளவு என்று கேட்கக் கூடாது. அப்போதுதான் நண்டுக்காரர் வண்டியின் கண்ணாடிக்குப் பின்னால் கையைத் தூக்கினார். முதலில் அவளைக் காட்டினார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார், பிறகு இரண்டு விரலை ஒட்டி வாசல் பக்கமாக நீட்டித் தள்ளினார். வாசலும் இயந்திரத்தின் வாயும் அவருக்கு ஒரே பக்கம்.

வாயால் வராதது கையால் வருகிறது என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அந்தப் பெண்ணோ முதல் பாதியில் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணில் பட்டது கடைசிப் பாதி மட்டும்தான். ரெண்டையும் சேர்த்து விடு. இரண்டு மரத்தையும் பார்த்தாள். முடியாது என்று தலையை ஆட்டினாள்.

நண்டுக்காரரின் முகம் செத்துப்போயிற்று. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. வேறு ஆளாயிருந்தால் அத்தோடு விட்டிருப்பார். மழை வருமா என்று கேட்கவே ஒருநாள் எடுத்துக்கொள்கிற மனிதர், எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, மறுபடியும் இரண்டு விரலை ஒட்டி நீட்டினார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிளேடு போனால் நான் பொறுப்பில்லை, அப்புறம் நீயாச்சு உன் மரமாச்சு என்று இயந்திரத்திடம் சொல்வது உதட்டில் தெரிந்தது. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அந்த மனிதரின் பல்லை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். சந்தோஷத்தில் முழங்கை எந்த நெம்புகோலில் பட்டதோ, நண்டு பிடியை விட்டது. மரம் முதல் மரத்தின் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது. அவளும் உருளையை ஓடவிட்டாள். நான் முஷ்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். யார் பார்த்தார்கள்? இரண்டு மரமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உள்ளே போய், பாதியில் இறுகி, டிரம் முக்கி முனகி, பெல்ட் கருகிப் புகை கிளம்பி, இன்ஜின் ஒரு குலுக்கலோடு நின்றுபோயிற்று.

தெருவில் போகிற சைக்கிளின் மணி கேட்டது. வேலை நேரத்தில் எங்கள் யார்டில் நிசப்தம் என்றால் எங்களுக்கே பயமாக இருக்கும்.

அவள் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். அடைப்பு எடுக்கிறவர் பையில்தான் சாவி இருக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். காது மூடியைக் கழற்றியதும் ஆரம்பித்தாள்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? இவ்ளோ மொத்தமா இருக்குற ரெண்டையும் ஒண்ணா விடச் சொல்றீங்க. முடியாதுன்னு தலையாட்டுறேன், திரும்பவும் அதையே காட்டுறீங்க."

நண்டுக்காரர் இறங்கி வந்துகொண்டிருந்தவர் படியிலேயே நின்றுவிட்டார். அந்தக் கட்டை விரல் எதற்குத் தூக்கியது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. முகத்தில் கொஞ்சநேரம் முன்பு இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக அணைவதை நான் பார்த்தேன். அப்படியே திரும்பி நண்டுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கடைசிப் படியையும் இறங்கினார்.

"நான் மரத்தச் சொல்லல."

"வேற எதச் சொன்னீங்க?"

அவர் கையைத் தூக்கினார். இந்தத் தடவை நிதானமாக, ஒவ்வொன்றாக. அவளை, தன்னை, ஒட்டிய இரண்டு விரலை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுத்தில் ஆரம்பித்துக் காதுவரை சிவந்தாள். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று பின்னால் எனக்கு விளக்கம் சொன்னாள், நானும் கேட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தவர் என் காதருகே குனிந்து, என்ன, காதல் விவகாரமா என்று ரகசியமாகக் கேட்டார். வாசலில் நின்ற லாரி டிரைவர் ஆமாம் என்று பதில் சொன்னார்.

எனக்குக் கால் தரையில் இல்லை. நான் போட்ட திட்டம் பலித்துவிட்டது. பெல்ட் போனால் போகிறது. "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க தம்பி, வாயத் திறந்து சொல்லிடுங்க, போகாதேன்னு" என்றேன்.

"அது இல்லக்கா." அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "நீங்க போற எடத்துல நண்டு ஓட்ட ஆள் எடுப்பாங்களான்னு கேட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நான் சொல்லச் சொன்னது என்ன, நீங்கள் சொல்வது என்ன, போகாமல் நிறுத்தச் சொன்னால் கூடவே கிளம்புகிறீர்களா என்று பொரிந்து தள்ளினேன். முடியும்வரை பொறுமையாக நின்றார்.

"அந்த மிஷினப் பத்திப் பேசும்போது அவங்க முகத்தப் பாத்தீங்களாக்கா? அதப் பாத்துட்டு, போகாதேன்னு எப்படிச் சொல்றது?"

நான் பார்க்கவில்லை. நான் தேநீர் ஊற்றப் போயிருந்தேன். அவள் போகக் கூடாது, போகக் கூடாது என்று வாரம் முழுவதும் எனக்காகவே தவித்தேனே தவிர, போக ஆசையாக இருக்கிறதா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? வெட்கமாக இருந்தது. யாருக்கும் காட்டாமல் குச்சியைத் துடைத்தேன்.

அவளோ அதற்குள் பழைய ஆளாகிவிட்டாள். அங்கே இருக்கிற நண்டு இதைவிடப் பெரிசு என்றாள். கற்றுக்கொள்வேன் என்றார் அவர். அங்கேயும் இப்படித்தான் இரண்டு மரத்தை ஒன்றாகப் போடுவீர்களா என்றாள். நீங்கள் கட்டை விரலைக் காட்டினால் போடுவேன் என்றார். அவர் பேசிய பேச்சில் அதுதான் முதல் கிண்டல். அவள் சிரித்த சிரிப்பு, எனக்கு முன்பு பிடிக்காமல் இருந்ததே, அதே சிரிப்பு.

அங்கேயே நின்று போனை எடுத்து ஆலை மேலாளரைக் கூப்பிட்டாள். நண்டு ஓட்ட ஒருத்தர் இருக்கிறார், கை சுத்தம், மரத்தை நோகாமல் வைப்பார் என்றாள். அடைத்துக்கொண்டு நிற்கிற இயந்திரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு இதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமே இல்லை. அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ, நண்டுக்காரரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"சொந்தக்காரரான்னு கேக்குறீங்களா? ஆகப்போறவர்."

அண்ணன்காரருக்குப் பாதிதான் கேட்டது. மீதியை நான் கையால் சொன்னேன். அவர் போய் நண்டுக்காரரின் தோளைப் பிடித்து நன்றாக ஒரு குலுக்குக் குலுக்கினார். அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து, டிரம் முழுக்க நின்றுவிட்டதா என்று பார்த்து, மூடியைத் திறந்து, அந்த இரண்டு மரத்தையும் வெளியே இழுக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. பெல்ட்டுக்கான செலவைப் பற்றி என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. நல்ல மனிதர்தான், சொல்லக் கூடாது.

கிளம்புகிற காலை, அந்த ஆலைக்குச் சில்லு ஏற்றிப் போகும் லாரியிலேயே போவதாக ஏற்பாடு. அவர் ஒரு பையோடு நடுவில் உட்கார்ந்தார். அவள் ஜன்னலோரம். அழக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவளும் வேண்டாததையெல்லாம் பேசினாள். பிளேடை ஒழுங்காகத் தீட்டச் சொல்லுங்கள், அண்ணன் சொல்வதை நம்பாதீர்கள், இனி மேடையில் நீங்கள் நிற்கும்போது பூட்ஸை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

அவள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என்ன அண்ணி, இத்தன வருஷமா வாடி போடின்னுட்டு, இப்ப திடீர்னு மரியாதை?"

"மரியாதையா? உனக்கா?" என்றேன். "ரெண்டு பேரா போறீங்களேடி."

வாய் ஓயாதவள். அன்று ஜன்னல் வழியாகக் கையைத்தான் நீட்டி, இரண்டு விரலை ஒட்டிக் காட்டினாள்.